முதல் மரியாதை யாருக்கு?

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில், சுரங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பங்குச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் முன்னோர்களின் வழக்கங்களைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று பங்குத்தந்தை பணித்தார்கள். நான் படித்த பண்டிதன் அல்லன். சுரங்கத்தில் இயந்திரங்களோடு காலம் கழித்தவன். ஆனாலும் ஒரு விஷயத்தைப் பற்றி அனுபவப்பட்டுப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஓர் ஊரில் தலைமை எந்தக் குடும்பத்துக்கு என்று பூசல் வந்தால், அதை நம் முன்னோர் எப்படித் தீர்த்தார்கள் என்பதுதான் அந்த விஷயம். நாட்டாண்மை, அம்பலம், பெரியதனம், பட்டங்கட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. பூசல் மட்டும் ஒன்றுதான்.

நெய்வேலியில் இருந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பண்டித நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு நாலா திசையிலிருந்தும் வந்து கூடியவர்கள் நாம். நகரியத்தில் யாருக்கும் பரம்பரை வீடு கிடையாது. வட்ட எண்ணும் குவார்ட்டர்ஸ் எண்ணும்தான் நம் விலாசம். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் மூத்த குடி ஏது, இளைய குடி ஏது?

ஆனால் சகோதரர்களே, மூட்டை கட்டிக்கொண்டு வரும்போது நாம் பாத்திரம் பண்டங்களை மட்டும் கொண்டு வரவில்லை. சொந்த ஊர் வழக்கையும் சேர்த்தே கொண்டு வந்தோம். திருவிழாக் காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், இந்த ஆண்டு தேர் ஓடியதா, நின்றதா என்று.

என் சொந்த ஊர்க் கதையை முதலில் சொல்கிறேன். பழைய தென்னார்க்காட்டில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். மேலத்தெருவில் எங்கள் வீட்டைப் பெரிய வீடு என்பார்கள். கீழத்தெருவிலும் ஒரு பெரிய வீடு உண்டு. நாட்டாண்மை எந்த வீட்டுக்கு என்பதில் இரண்டு தலைமுறைப் பகை. நாட்டாண்மை என்றால் அதிகாரம் ஒன்றும் பெரிதாக இல்லை. கொடியேற்றத்தன்று கயிற்றை முதலில் தொடுவது, தேர் புறப்படும்போது முதல் மாலை பெறுவது, அவ்வளவுதான். அதற்காகத் தேர் நான்கு ஆண்டுகள் கொட்டகையை விட்டு நகரவில்லை.

இத்தனைக்கும் நாங்கள் அந்நியர் அல்லர். என் அத்தையைக் கட்டிக் கொடுத்ததே அந்த வீட்டில்தான். பூசல் முற்றியிருந்த நேரத்தில் என் தாத்தா காலமானார். அத்தை தெரு முனைக்கு ஓடி வந்தாள். எதிரி வீட்டு ஆள் யாரும் மேலத்தெருவில் கால் வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்து வாலிபர்கள் வழியை மறித்தோம். ஆம், மறித்தோம் என்றுதான் சொல்கிறேன். எனக்கு அப்போது வயது 19. "தம்பி, அவரு எனக்கு அப்பாடா, வழி விடுடா" என்று அவள் கெஞ்சினாள். நான் விடவில்லை. தெரு முனையில் நின்றபடியே ஒப்பாரி வைத்துவிட்டு, தகப்பன் முகத்தைப் பார்க்காமலே அவள் திரும்பிப் போனாள். எத்தனையோ பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

இந்தப் பூசல் எப்படித் தீர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நம் பெரியவர்கள் கையாண்ட வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, மூப்பு. மூத்தாள் மகன், மூத்த வீடு, முதலில் வந்து காடு திருத்திய குடி என்று வரிசை பார்ப்பது. கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் யார் மூத்தவர் என்பதில்தானே சண்டையே பிறக்கிறது! எழுதி வைத்த ஆதாரம் இராது. ஒவ்வொரு வீட்டுக் கிழவியும் ஒவ்வொரு கதை சொல்வாள். எனவே மூப்பு ஒன்றே தீர்த்து வைத்த வழக்குகள் குறைவு.

இரண்டாவது வழி, பங்கு பிரிப்பது. இதற்குப் பெரிய உதாரணம் இராமநாதபுரம் சீமை. கிழவன் சேதுபதி 1710-இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த விஜய ரகுநாத சேதுபதியும் மறைந்தபின் பட்டத்துக்குப் போட்டி மூண்டது. உறவினர்கள் ஒருவர்மேல் ஒருவர் படையெடுத்தார்கள். தஞ்சை மராட்டிய மன்னரின் உதவியையும் நாடினார்கள். இறுதியில் கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சைப் படையோடு வந்து பவானி சங்கரை வீழ்த்தினார்கள். 1730-ஐ ஒட்டி நாடு ஐந்து பங்காக்கப்பட்டது. மூன்று பங்கு கட்டயத் தேவருக்கு, அது இராமநாதபுரம். இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கு, அதுதான் சிவகங்கை. இரு வீட்டுக்கும் ஒருவாறு அமைதி கிடைத்தது. ஆனால் உதவிக்கு வந்த தஞ்சை மன்னர் சும்மா போகவில்லை. பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த நிலம் அவர் கைக்குப் போயிற்று. வீட்டுச் சண்டைக்கு வெளியாரை அழைத்தால் கூலி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

அந்த அரண்மனைப் பூசல் நம் திருச்சபை வரலாற்றையும் தொட்டது. கிழவன் சேதுபதியின் காலத்தில், பட்டத்துக்கு உரிமை பேசக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்றார். பெற்றதும், முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். குடும்பக் கோபமும் அரியணை பற்றிய அச்சமும் ஒன்றாய்ச் சேர்ந்தன. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூர் மணலில் அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். பெரியவர்களின் பட்டத்துப் பூசலில் இரத்தம் சிந்துகிறவர், பட்டம் கேட்காத ஒருவராகவே பெரும்பாலும் இருக்கிறார்.

மூன்றாவது வழி, முறை வைப்பது. இந்த ஆண்டு உனக்கு, அடுத்த ஆண்டு எனக்கு. மண்டகப்படி, தேர்வடம், கண்மாய்த் தண்ணீர் எல்லாவற்றிலும் நம் நாட்டார் முறை வைத்தார்கள். சிவகங்கைச் சீமையில் கண்டதேவிக் கோயில் தேருக்கு நான்கு வடம். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்னும் நான்கு நாட்டாருக்கும் அதில் பங்கு உண்டு. எந்த நாட்டுக்கும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அருமையான ஏற்பாடு. ஆனால் அதே தேரில்தான், வடம் பிடிக்கத் தங்களுக்கும் உரிமை உண்டு என்று தாழ்த்தப்பட்ட மக்கள் கேட்டபோது பெரும் சிக்கல் எழுந்தது. தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. நீதிமன்றம் தலையிட்டபின் 2024-இல்தான் மீண்டும் ஓடியது. நால்வருக்குள் நியாயமாய்ப் பிரித்த அந்த ஏற்பாட்டில் ஐந்தாமவருக்கு இடமில்லை என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

முறை தவறினால் என்ன ஆகும்? ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் வடபகுதியில் தக்பான் என்றொரு பழைய அரசு உண்டு. யெண்டி அதன் தலைநகர். அரசருக்கு யா-நா என்று பட்டப் பெயர். ஒரே மூதாதையின் வழி வந்த அபுது, அந்தானி என்னும் இரண்டு வீட்டாரும் மாறி மாறி அரியணை ஏறுவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் முறை யாருடையது என்பதில் தகராறு வந்து, அரசியல் கட்சிகளும் அதில் புகுந்துகொண்டன. 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் யா-நாவே தம் ஆட்கள் பலரோடு கொல்லப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ 17 ஆண்டுகள் அரியணைக்கு முறையான அரசர் இல்லை.

விசாரணைக் கமிஷன் வந்தது, கோர்ட் வழக்கு வந்தது, பூசல் தீரவில்லை. இறுதியில் அசாந்தி மன்னர் தலைமையில் மூன்று பெருந்தலைவர்கள் நடுவராக அமர்ந்தார்கள். அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? அரியணையைப் பற்றிப் பேசுவதற்கு முன், காலஞ்சென்ற அபுது வீட்டு அரசருக்கும், கொல்லப்பட்ட அந்தானி வீட்டு அரசருக்கும் முறைப்படி இறுதிச் சடங்கு நடக்கட்டும் என்றார்கள். ஒரு வீட்டுத் துக்கம் முடிந்து மறு வீட்டுத் துக்கமும் முடிந்த பிறகு, 2019 ஜனவரியில் புதிய அரசர் பட்டம் ஏற்றார்.

நம் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இரவும் பகலும் பம்பு வைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலெழும்பி வெடித்துவிடும். அழாத துக்கமும் அப்படித்தான். அதை இறைக்காமல் மேலே என்ன ஒப்பந்தம் எழுதினாலும் நிற்காது.

நான்காவது வழி, சீட்டு. இதில் நம் தமிழ்நாடு உலகத்துக்கே பாடம் சொல்லியிருக்கிறது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஆண்டு 919, 921. ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை வரி வரியாகச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. அவருக்கு மட்டுமா? அவருடைய தாய்வழி, தந்தைவழி நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை என்று உறவு முறைகளைப் பட்டியலிட்டே எழுதி வைத்தார்கள். பதவி ஒரு வீட்டுச் சொத்தாகிவிடக் கூடாது என்பதில் எத்தனை கவனம் பாருங்கள்!

தேர்ந்தெடுத்த விதமும் அழகு. இளையோர் முதியோர் உட்பட சபை முழுவதும் கூட வேண்டும். ஊரில் அன்று இருக்கும் கோயில் நம்பிமார் அனைவரும் உள்ளே அமர வேண்டும். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பார். பிறகு நம்பிமார் ஒவ்வொருவரும் வாசிப்பார்கள். ஐந்து விரலும் விரிய வேண்டும் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்களே, விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல்! அப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். பிறகு குடம் மறுபடியும் வரும்.

நான் இதைப் புகழ்ந்து மட்டும் பேசினால் பொய்யாகும். அது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர் பெயர்தான் குடத்தில் விழுந்தது. ஏரியில் மண் சுமந்தவர் பெயர் விழவில்லை. பெண்கள் பெயரும் விழவில்லை.

சீட்டும் அடையாளமும் வேதாகமத்துக்கும் புதியவை அல்ல. ஆரோனின் தலைமையைப் பற்றி முறுமுறுப்பு எழுந்தபோது, குலத்துக்கு ஒரு கோலாகப் பன்னிரண்டு கோல்களை மோயீசன் சந்நிதியில் வைத்தார். மறுநாள் ஆரோனின் கோல் துளிர்த்திருந்தது. யூதாசின் இடத்துக்கு இருவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அப்போஸ்தலர்கள் செபித்துச் சீட்டுப் போட்டார்கள்; மத்தியாஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். சீட்டில் ஒரு நன்மை உண்டு. தோற்றவனுக்கு அவமானம் இல்லை. எதிரி தன்னை வென்றான் என்று அவன் எண்ண வேண்டியதில்லை.

ஐந்தாவது வழி, நடுவர். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் ஊருக்கு ஊர் பட்டங்கட்டிகள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலாகத் தூத்துக்குடியில் சாதித் தலைவர் இருந்தார். 1542-இல் புனித சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது, இந்தப் பட்டங்கட்டிகளோடுதான் பழக வேண்டியிருந்தது. ஊருக்குள் தீராதது மேலே போயிற்று. நடுவர் எழுத்துச் சட்டத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் நாளைக்கு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதைப் பார்ப்பார். எனினும் நடுவரே ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ஊர் தொலைந்தது. பஞ்சாயத்து என்ற பெயரில் ஏழையை ஊர்விலக்கம் செய்ததும், அபராதம் போட்டு அழ வைத்ததும் நமக்குத் தெரியாததல்ல.

இனி கோர்ட்டுக்குப் போன கதை ஒன்று. 1801-இல் கும்பினியார் சிவகங்கை ஜமீனைக் கௌரி வல்லபத் தேவருக்குக் கொடுத்தார்கள். 1829-இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் மகன் ஜமீனை எடுத்துக்கொண்டார். கௌரி வல்லபரின் விதவை வழக்குப் போட்டார். அவருக்குப் பின் மகள் காத்தம நாச்சியார் வழக்கை நடத்தினார். இது கூட்டுக் குடும்பச் சொத்தா, தனி ஒருவர் சம்பாத்தியமா என்பதுதான் கேள்வி. லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-இல் நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு பெண்ணின் உரிமையை நிலைநாட்டிய தீர்ப்பு என்று அதை நாம் மதிக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் அது அவளுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் தகப்பன் இறந்து 34 ஆண்டுகள் கழித்து வந்தது அந்த நீதி.

நிலத்துக்கும் பதவிக்கும் கோர்ட் உண்டு. முதல் மாலைக்கு? பதவியோடு சேராத வெறும் மரியாதைக்குச் சிவில் கோர்ட்டில் வழக்கு நிற்காது என்பது நெடுங்காலமாக உள்ள சட்டம். ஆகவே மாலைச் சண்டையை நாமேதான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். தாத்தாவின் ஆண்டு நினைவு வந்தது. என் ஆயா, அதாவது அத்தையைப் பெற்றவள், நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு என் அப்பாவையும் சித்தப்பாமார்களையும் கூப்பிட்டாள். "மாலைய எவன் கழுத்துலயாவது போடுங்க. என் மவ இந்த வாசப்படி ஏறணும். அவ ஏறாம எனக்கு சோறு எறங்காது" என்றாள். சொன்னபடி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா அந்த ஊர்ச் சாமியாரிடம் போனார்.

சாமியார் கெட்டிக்காரர். தேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் தாத்தாவுக்கு ஒரு பூசை வைப்போம், இரண்டு தெருவும் வரட்டும் என்றார். கல்லறைக்கு எல்லாரும் ஒன்றாகப் போனோம். ஓராண்டுக்கு முன் அடக்கிய அழுகையை அத்தை அன்றுதான் அழுது தீர்த்தாள். நான் தள்ளி நின்றேன். அவளே என்னைக் கூப்பிட்டு, "நீ சின்னப் பையன், உன்னைச் சொல்லி என்ன ஆகப்போவுது" என்றாள். அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஒரு பித்தளைக் குடம். இரண்டு சீட்டு. எடுத்தது யார் தெரியுமா? எழுத்துத் தெரியாத ஐந்து வயதுச் சிறுமி, அத்தையின் பேத்தி. அவள் உடம்பில் இரண்டு வீட்டு இரத்தமும் ஓடுகிறது. யார் வீட்டுப் பிள்ளை எடுப்பது என்ற சண்டைக்கும் இடமில்லாமல் போயிற்று. கீழத்தெருப் பெயர் வந்தது. முதல் ஆண்டு அவர்கள், மறு ஆண்டு நாங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். என் அப்பாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் முதல் ஆண்டுக் கயிற்றை எடுத்துச் சம்பந்தி கையில் கொடுத்தவர் அவரே. தேர் ஓடியது.

மங்களம் பாடி இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஊரில் மூன்றாவது தெரு ஒன்று இருந்தது. தேரைக் கழுவியவர்கள், முட்டுக்கட்டை போட்டவர்கள், பறை அடித்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள். நாங்கள் சமாதானமானதைக் கொண்டாடிய அன்று, என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் கேட்டான்: "ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்க, சந்தோசம். எங்க பேரு ஏன் அந்தக் குடத்துல இல்ல?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் பெயரும் குடத்தில் விழ மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதற்கும் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் நான் சரியான பக்கம் நின்றேன் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

நம் முன்னோரின் முறைகளில் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. துக்கத்தை முதலில் ஆற்று. எல்லார் கண்முன்னும் செய். கள்ளமறியாத கை எடுக்கட்டும். கணக்குக் காட்டாதவன் விலகட்டும். குறித்த நாளில் இறங்கு. விட வேண்டியதும் ஒன்று உண்டு. குடத்தில் யார் பெயர் விழலாம் என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்துகொண்டு, பிறகு சீட்டுப் போட்டோம், நியாயமாய் நடந்தோம் என்று சொல்லிக்கொள்வது.

இந்த யூபிலி ஆண்டில், சொந்த ஊரில் இன்னும் தேர் நிற்கிறவர்கள் நம்மிடையே இருப்பீர்கள். அண்ணன் தம்பி வீட்டு வாசல் மிதிக்காதவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், தெரு முனையில் நின்று அழுதுகொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். அவருக்கு வழி விடுங்கள். மற்றதெல்லாம் பிறகு தானாகப் பேசி முடியும்.